திருச்சியில் இறங்கி ஒரே நாளில் ஒரு கோட்டை, இரண்டு வீடு: சுங்கை சிப்புட் வட்டாரத்தாருக்கு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தமிழ்நாட்டுக்குப் போகும் குழுக்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சமயபுரம், ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், பழனி, கடைசி நாளில் புடவைக்கடை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகிறவர்கள் சாலையோரத்திலேயே ஒரு கோட்டையைத் தாண்டுகிறார்கள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் செட்டிநாட்டு ஊர்கள் தொடங்கிவிடும். ஓவியக் கூரையும் தேக்குத் தூணுமாகத் தெருத்தெருவாக வீடுகள். வேன் அங்கே போகும் நேரத்தில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள்.

அந்த வீடுகளின் கணக்கில் மலாயாவுக்கும் பங்கு உண்டு. பர்மா, இலங்கை, மலாயா எங்கும் லேவாதேவி நடத்திய நகரத்தார், கிட்டங்கியில் (அவர்களின் தொழிலகத்தில்) சேர்த்த பணத்தை ஊருக்கு அனுப்பிக் கட்டியவை அவை. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் போனபோது மலாயாவில் நிறையக் கித்தாக்காடுகள் (ரப்பர் தோட்டங்கள்) அவர்கள் கைக்கு வந்தன. தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி ரதமும் அவர்களுடையதுதான். பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தப் பணம் போய்ச் சேர்ந்த வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்) நின்று அண்ணாந்து பார்ப்பதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குவது நியாயம்.

அந்த ஒரு நாளுக்கான திட்டம்தான் கீழே. அளவு இதுதான்: ஒரு கோட்டை, இரண்டு வீடு, ஒரு தரைக்கல் (டைல்) பட்டறை. கோட்டை அடிவாரத்துக் கோயில்கள் போக, நடுவே இன்னும் இரண்டு கோயிலைச் செருகினால் எல்லாமே அரைகுறையாகிவிடும்.

கிளம்புமுன் ஊரிலேயே ஒரு பயிற்சி

பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசல் இருக்கிறது. குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போய்வாருங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915இல் கட்டத் தொடங்கியது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கட்டடம் முடியாமலே நின்றுவிட்டது. வேலை செய்தவர்களில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் நிறைய. பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலின் மேல், தொப்பியும் வெள்ளை உடையுமாகத் துரையின் உருவத்தையே சுதைச் சிற்பமாக வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டில் முகப்புகளின் மேல் வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பார்க்கும்போது இது ஞாபகத்துக்கு வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்து வேலை. பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பலனும் உண்டு. கட்டடம் முடியாமல் நிற்பதால் செங்கல், வளைவு, காரைப்பூச்சு எல்லாம் வெளியே தெரியும். மூடிப் பூசிய வீட்டில் இதெல்லாம் கண்ணில் படாது.

கடப்பிதழ், விசா, பணம்

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். இந்திய இ-விசாவை இணையத்திலேயே வாங்கலாம். திருச்சி விமான நிலையத்தில் இ-விசாவோடு இறங்க முடியும். ஏமாறுகிற இடம் ஒன்றுதான். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தரகர்களின் தளம், அங்கே கட்டணம் பல மடங்கு. அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அதைப் பார்த்த பிறகே விவரம் கொடுங்கள். கடப்பிதழில் பேர் எப்படி இருக்கிறதோ, 'அ/லெ' (மகன்), 'அ/பெ' (மகள்) உட்பட, விமானச் சீட்டிலும் விசாவிலும் ஒரே மாதிரி வரவேண்டும். நம்மவர்களுக்கு அதிகம் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து விமான நிலைய ரயிலைப் பிடிக்கலாம். இரண்டாம் முனையத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். நேரம் சரிவராவிட்டால் ஈப்போ அமான்ஜாயா பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கே நேராகப் பேருந்து உண்டு. வயதானவர்களும் பெட்டிகளும் அதிகமாக இருந்தால் பேருந்தே மேல், ஏறி இறங்கும் வேலை குறையும்.

கையில் 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்கள் வேண்டும். வீட்டுக் காவலாளி, இளநீர்க்கடை, கழிப்பறை, காலணி பார்த்துக்கொள்பவர் என்று யாரிடமும் 500 ரூபாய்க்குச் சில்லறை இருக்காது. கடைக்குக் கடை ஸ்கேன் பண்ணும் அட்டை தொங்கும். அதற்குப் பொதுவாக அந்த ஊர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் அதை நம்பிப் போக முடியாது.

பேச்சில் மூன்று சொல்லைக் கவனியுங்கள். 'காடி' என்றால் அங்கே புளித்த நீர், கார் என்றே சொல்லுங்கள். 'பசியாறிட்டுப் போகலாம்' என்றால் புரியும், ஆனால் ஓட்டுநருக்கு 'டிபன்' என்றால் உடனே ஓட்டல் வாசலில் நிறுத்துவார். 'பத்து வெள்ளி' என்று விலை கேட்டால் வெள்ளிச் சாமான் கேட்பதாக நினைப்பார்கள்.

எந்த மாதம், எந்த நாள்

டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். நம் ஆண்டிறுதி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மழையில் கோட்டைப் பாறை வழுக்கும், வீடுகளுக்குள் இருட்டாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போவதைத் தவிருங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பழகிய உடம்பு அங்கே ஏமாந்துவிடும். இங்கே வேர்த்துக் கொட்டும், தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்கே காற்று வறண்டு இருப்பதால் வேர்வை தெரியாமலே உடம்பு வற்றிவிடும்.

வந்து இறங்கிய மறுநாளே இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். உடம்பு இன்னும் மலேசிய நேரத்தில் இருக்கும் அந்த முதல் இரண்டு நாளில், அங்கே காலை ஐந்து என்றால் நமக்கு ஏழரை. யாரையும் எழுப்ப வேண்டியிருக்காது. நாலாம் நாள் இந்த வசதி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கல் பட்டறையில் வேலை நடக்காமல் போகலாம். முகூர்த்த நாளும் வேண்டாம். கல்யாணத்துக்காக வீடுகள் எடுக்கப்பட்டிருக்கும், மண்டபம் உள்ள ஊர்களில் சாலையும் அடைபடும்.

வண்டி பேசுவது

திருச்சி, திருமயம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி, மறுபடி திருச்சி: மொத்தம் 200 முதல் 220 கிலோமீட்டர். நாலு பேர் வரை கார், ஆறு பேர் என்றால் இனோவா, அதற்கு மேல் 12 பேர் வரை டெம்போ டிராவலர். பேசும்போது நாலு விஷயத்தைப் பிரித்துக் கேளுங்கள்: கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, ஓட்டுநர் பேட்டா தனியா, டோலும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு. நீங்கள் 210 ஓடினாலும், குறைந்தபட்சம் 250 என்று வைத்திருந்தால் 250க்குத்தான் காசு. முன்கூட்டித் தெரிந்தால் மாலையில் சண்டை வராது. கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்கும் என்பதையும் கேளுங்கள். சிலர் வண்டி ஷெட்டிலிருந்து கணக்குப் போடுவார்கள்.

ஊர்ப் பேர்களை வரிசையாக ஒரு தாளில் தமிழில் எழுதி ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுங்கள். 'செட்டிநாடு' என்று மட்டும் சொன்னால் காரைக்குடிக் கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் உண்டு. நீங்கள் போக வேண்டியது கானாடுகாத்தான். அங்கே ரயில் நிலையத்தின் பேரே 'செட்டிநாடு' என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

காலை 6.00: திருச்சியிலிருந்து

விமான நிலையம் இருக்கும் அதே புதுக்கோட்டைச் சாலைதான் வழி. புதுக்கோட்டை 50 கிலோமீட்டர் சொச்சம். ஏழேகால் வாக்கில் அங்கே டிபன் சாப்பிட்டு, கழிப்பறை வேலையையும் முடித்துவிடுங்கள். அடுத்த நல்ல கழிப்பறை மதியம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் இங்கேயே வாங்கிவிட வேண்டும். கோட்டை மேலே ஒரு சொட்டும் கிடைக்காது.

காலை 8.15: திருமயம்

புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர். சாலையோரம், கோட்டை மதிலை ஒட்டியே கோட்டை பைரவர் சந்நிதி இருக்கிறது. போகிற வருகிற வண்டிகள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகும். உங்கள் ஓட்டுநரும் நிறுத்துவார், விடுங்கள்.

முதலில் மலையடிவாரத்தில் இருக்கும் இரண்டு குடைவரைக் கோயில்கள். ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில், சிவனுக்கு சத்தியகிரீஸ்வரர் கோயில், பெருமாளுக்கு சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில். பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. பள்ளிகொண்ட பெருமாள் பாறையிலேயே குடைந்தவர், கண்ணில் அடங்காத நீளம். நடை மதியம் சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். 'கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம்' என்று தள்ளிவைத்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். கோயிலை முடித்தால் ஒன்பது மணி ஆகும், கோட்டைச் சீட்டு கொடுக்கும் நேரமும் அதுதான்.

கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. இத்தகைய இடங்களில் இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய் என்று இரண்டு விலை உண்டு. தமிழ் பேசினாலும் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் வெளிநாட்டவர்தான். ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டை உள்ளவர்களுக்கு இந்தியர் கட்டணம், ஆனால் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம். சீட்டுக் கொடுப்பவர் ஊர்க்காரர் என்று நினைத்து 25 ரூபாய்ச் சீட்டைக் கொடுத்துவிட்டால், நீங்களே சொல்லித் திருத்துங்கள். உள்ளே சோதனையில் தெரிந்தால் சங்கடம்.

1687இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை இது. பரப்பு ஏறத்தாழ 40 ஏக்கர். ஆதியில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்று மதிலும், சுற்றி அகழியும் இருந்தன. இப்போது பார்ப்பது அதில் மிச்சம். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே ஒளிந்திருந்ததாகச் சொல்வதால் 'ஊமையன் கோட்டை' என்றும் பேர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊரும் இதுவே.

ஏறும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. வாசலைத் தாண்டியதும் வழி நேராகப் போகாமல் திரும்பித் திரும்பிப் போகும். எதிரி யானையை விட்டுக் கதவை மோதினால் வேகம் பிடிக்க இடம் இருக்கக் கூடாது என்பதே காரணம். பிள்ளைகளிடம், 'நீ யானை, இந்த வளைவில் ஓடிப்பார்' என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். அடுத்து, பாதி மலையில் பாறையைக் குடைந்த ஒரு சின்ன அறை, உள்ளே லிங்கம். இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். காலணியைக் கழற்றினால் பாறை சுடும், காலுறை கொண்டு போனவர் பிழைத்தார். கடைசியாக உச்சியில் வட்டமான கொத்தளமும் பீரங்கியும். அங்கிருந்து நாலு பக்கமும் பாருங்கள். தட்டையான செம்மண், நடுநடுவே கண்மாய்கள். கோட்டை ஏன் இந்தப் பாறையில் இருக்கிறது என்பதற்கு அந்தப் பார்வையே விளக்கம். வெகுதூரத்துக்கு வேறு மறைப்பு இல்லை.

நிதானமாக ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம். முட்டி வலி உள்ளவர்கள் முதல் வாசல் வரை வந்து நிழலில் உட்காரலாம். பத்தரைக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் பாறை சூட்டை வாங்கித் திருப்பி வீச ஆரம்பித்துவிடும்.

காலை 11.15: கானாடுகாத்தான், வீட்டை வாசிப்பது

நாளின் முக்கியமான பகுதி இது. அவசரப்பட வேண்டாம்.

வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி நடந்து போங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை இங்கேதான், 1912இல் முடிந்தது. அதற்குள்ளே பொதுவாக விடுவதில்லை, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இது தெரியாமல் வருகிறவர்கள் மனம் வாடித் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துத் தெருக்களில் சிறு கட்டணத்துக்கோ காவலாளியின் அன்பளிப்புக்கோ திறந்து காட்டும் வீடுகள் உண்டு. குடும்பம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும், சாவி காவலாளியிடம் இருக்கும், காவலாளி சாப்பிடப் போயிருப்பார். அதனால் முதல் நாளே, மதியச் சாப்பாடு சொல்லும் ஓட்டலில், 'நாளைக்குப் பதினொன்றரைக்கு எந்த வீடு திறந்திருக்கும்?' என்று கேட்டு வைத்துவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் பாதிப் பயணங்கள் பூட்டிய கதவோடு முடிகின்றன.

வீட்டுப் பெண்களை 'ஆச்சி' என்று கூப்பிடுங்கள், அங்கே அதுதான் மரியாதை. 'ஆண்டி' வேண்டாம். காவலாளி 'அண்ணே'. காலணி வெளியே. பூட்டிய அறையைத் தள்ளிப் பார்க்கக் கூடாது, அவற்றில் குடும்பச் சாமான் இருக்கும்.

இனி வாசிக்கும் முறை. முன்னிருந்து பின்னாக ஒரே நேர்கோட்டில் போக வேண்டும்.

முதலில் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று முகப்பைப் பாருங்கள். மேலே சுதையில் கஜலட்சுமி, மயில், சில வீடுகளில் துப்பாக்கி பிடித்த சிப்பாய். பிறகு பக்கச் சுவரோடு நடந்து பாருங்கள். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்.

அடுத்தது திண்ணை. வந்தவரை உட்காரவைப்பதும் கணக்கு வழக்குப் பேசுவதும் இங்கே. தூண்களைத் தட்டிப் பார்க்காமல், கண்ணாலேயே வகை பிரியுங்கள்: பர்மாத் தேக்கு, கருங்கல், சில வீடுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இரும்பு.

மூன்றாவதாக நிலைவாசலில் நில்லுங்கள். செதுக்கு வேலையைப் பார்த்த பின் தலையை நிமிர்த்திப் பாருங்கள். வாசலுக்கு நேராக வாசல், அதற்கு நேராக வாசல் என்று கடைசிக் கொல்லைக் கதவு வரை தெரியும். காற்று நேராக ஓடுவதற்காக வைத்த அமைப்பு. அந்த நிலையில் ஒரு நிமிடம் நின்றாலே முகத்தில் படும்.

அப்புறம் வளவு. நடுவே வானம் திறந்த முற்றம், சுற்றித் தூண்கள், அதற்குப் பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அறை உண்டு. அது படுக்கையறை என்பதைவிடச் சாமான் அறை. சீர்ச் சாமான், பாத்திரம், 'மங்குச் சாமான்' எல்லாம் அங்கே. பீங்கான், எனாமல் பாத்திரத்தை அவர்களும் 'மங்கு' என்றுதான் சொல்கிறார்கள். மலாய் 'மங்கோக்' (கிண்ணம்) காதில் விழுந்த நமக்கு அந்தச் சொல் எங்கிருந்து போயிருக்கும் என்று யோசிக்கத் தோன்றும். நாலு பக்கக் கூரையிலிருந்தும் மழைத்தண்ணீர் முற்றத்தில் விழும். வாய்க்காலைத் தேடிப் பிடித்து, அது எங்கே போகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாத சீமையில் கட்டிய வீடுகள். ஊரில் பெய்வது ஊருணிக்குப் போகும்படி செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் கட்டில் பந்தி. மூன்றாம் கட்டில் அடுப்படி, அம்மி, உரல், கிணறு. பெரும்பாலோர் வளவோடு திரும்பிவிடுகிறார்கள், பின்கட்டுக்குப் போவதில்லை. வீட்டின் உழைப்பு நடந்த இடம் பின்கட்டுதான். துரை பங்களாவில் பின்பக்கச் சமையல் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இதன் கணக்கு புரியும்.

சுவரைக் காவலாளி அனுமதித்தால் புறங்கையால் தொடுங்கள், உள்ளங்கை வேண்டாம், எண்ணெய் பிடிக்கும். பீங்கானைத் தொட்டதுபோல் குளிர்ந்திருக்கும். சுண்ணாம்பு, நைசான மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக் கருவைச் சேர்த்து வழுவழுவென்று தேய்த்தது. இதன் மேல் இப்போதைய பெயின்ட்டை அடித்தால் சுவர் மூச்சு விட முடியாது, உள்ளே தங்கும் ஈரம் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். அப்படி உரிந்த வீட்டையும் அதே தெருவில் பார்க்கலாம். வீடு சாகும் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஓடு நழுவும், ஒழுகும், தேக்கு விட்டம் நைந்துபோகும். பழுதுபார்க்கப் பணம் போட வேண்டிய பங்காளிகள் பத்து ஊரில் இருப்பார்கள், பேச்சு முடிவதற்குள் கூரை இறங்கிவிடும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் கூரையைத் தாங்காது, வருகிறவர்கள் மதித்துக் கொடுக்கும் கட்டணம் கொஞ்சமாவது தாங்கும். ஆகவே கட்டணத்தில் பேரம் வேண்டாம்.

மதியம் 1.00: சாப்பாடு

பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியவர்கள் இலையில் முழுச் சாப்பாடு போடுகிறார்கள். முதல் நாளே எத்தனை பேர், எத்தனை சைவம் என்று சொல்ல வேண்டும். அளவாகத்தான் சமைப்பார்கள், நேரே போய் நின்றால் கிடைக்காமல் போகலாம். கவுனி அரிசி இருக்கிறதா என்று கேளுங்கள். பர்மாவிலிருந்து வந்த கறுப்பரிசி, நம் ஊர் புலுட் ஹித்தாமுக்கு உறவு. சர்க்கரை, தேங்காய் சேர்த்து இனிப்பாகத் தருவார்கள்.

மதியம் 2.30: ஆத்தங்குடி

ஓவியத்துக்கு இந்த ஊர்தான். லட்சுமி வீடு, ஆத்தங்குடி பெரிய வீடு என்று சொல்லும் வீட்டில் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். செதுக்கிய மரக்கூரை முழுக்க வண்ணம். சுவரின் மேல் விளிம்பில் தெய்வங்களும் வெள்ளைக்காரர்களும் அடுத்தடுத்து.

அண்ணாந்தே பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், பார்த்ததும் மறந்துபோகும். கைத்தொலைபேசியில் முன்பக்கக் கேமராவைத் திறந்து உள்ளங்கையில் படுக்கவையுங்கள், குனிந்தபடியே கூரையைப் பார்க்கலாம். ஒரு மூலையைப் பிடித்து இடமிருந்து வலமாக ஒரு சுற்று போங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம், அது படத்தைக் கெடுக்கும். முற்றத்துத் தரையில் வெயில் விழும் நேரத்தில் தரையிலிருந்து எதிரொளி கூரைக்குப் போகும், அந்த வெளிச்சமே போதும். நாலு மணிக்கு மேல் அது குறைந்துவிடும். இந்த வீட்டை மாலைக்குத் தள்ளாததற்குக் காரணம் இதுதான்.

பக்கத்திலேயே ஆத்தங்குடிக் கல் பட்டறைகள். கேட்டால் ஒரு கல்லைச் செய்து காட்டுவார்கள். வரிசை இப்படி:

1. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டமும், அதற்குள் பூ வடிவத் தடுப்புள்ள உலோக அச்சும் வைப்பார்கள்.
2. சிமெண்டு, நைசான மணல், வண்ணப்பொடி கலந்த குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள்.
3. அச்சை நேராக மேலே தூக்குவார்கள். கை நடுங்கினால் வண்ணம் கலந்துவிடும்.
4. உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவுவார்கள், அது ஈரத்தை உறிஞ்சும்.
5. மேலே கலவை நிரப்பி மட்டம் பார்த்து வைப்பார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டி, பிறகு உலர்த்தல். கண்ணாடி கழன்று வரும்.

சூளை கிடையாது, சுடுவதில்லை. அந்த மினுமினுப்பு கண்ணாடியின் வழுவழுப்பு. கண்ணாடியில் கீறல் இருந்தால் கல்லிலும் கோடு விழும். தண்ணீரில் போதிய நாள் ஊறாத கல், விரலால் தேய்த்தால் பொடி வரும். வாங்கும்போது இரண்டையும் பாருங்கள்.

மாலை 5.00: காரைக்குடி

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். இடித்த வீடுகளின் தூண், கதவு, மங்கு, படங்கள் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. பார்க்கலாம், வாங்குமுன் நிதானம் வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. 'நூற்றைம்பது வருசத்துச் சாமான்' என்று கடைக்காரர் சொன்னால், உண்மையாக இருந்தால் அது விமான நிலையத்தில் சிக்கல். பொய்யாக இருந்தால் விலை அதிகம். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான். கண்டாங்கிச் சேலை நல்ல தேர்வு: பருத்தி, பெரிய கட்டம், அழுத்தமான கரை, 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் ஊர்ச் சூட்டுக்கு உடுத்தலாம். தேன்குழல், சீடை, கைமுறுக்கு வாங்குங்கள், ஒரு வாரம் தாங்கும். ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் திருச்சி.

பிள்ளையார்பட்டி விடாமல் மனதை இழுத்தால், கடைத்தெருவைக் கைவிட்டு ஆத்தங்குடியிலிருந்து நேரே நாலரைக்குப் போங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால்

புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரை. கூரையில் தாமரைக்குளம்: மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். சிதைந்தது போக மிச்சம்தான், காலை வெளிச்சத்தில் பொறுமையாகத் தேடினால் ஒவ்வொன்றாக வெளிவரும்.

தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியதாகக் கேட்டு வளர்ந்தவர்கள் கடற்கரைப் பக்கம் ஒரு நாள் போகலாம். நாகப்பட்டினத்துக்கு வடக்கே தரங்கம்பாடியில், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தப்படி டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. திருச்சியிலிருந்து தூரம் அதிகம், கும்பகோணத்தில் இரவு தங்கிப் போவதே நல்லது.

கல்லை ஊருக்குக் கொண்டுவருவது

எட்டங்குல ஆத்தங்குடிக் கல் ஒன்று ஒன்றரை முதல் இரண்டு கிலோ. 20 கிலோ பெட்டியில் பத்துக் கல்லோடு நின்றுவிடும். தரை போடும் எண்ணம் வேண்டாம். சாமி மேடைக்கு நாலு, வாசற்படிக்கு ஆறு என்று திட்டமிடுங்கள். முகத்தோடு முகம் வைத்து நடுவே துணி கொடுத்து, இரண்டிரண்டாகக் கட்டி, பெட்டியின் நடுவில் சேலைகளுக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கவைத்தால் விளிம்பு உடையும். செடி, விதை, பச்சைக் கறிவேப்பிலை எதையும் கூடவே வைக்காதீர்கள், இறக்குமதி அனுமதி இல்லாமல் அவற்றை மலேசியாவுக்குள் கொண்டுவர முடியாது.

இங்கே பதிக்கும் கொத்தனாரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பதிக்குமுன் கல்லைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லையென்றால் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக் கழன்றுவரும். பதித்த பின் சிமெண்டுக் கறையை எடுக்க ஆசிட் ஊற்றவே கூடாது, வண்ணம் வெந்துபோகும். ஈரத்துணியால் அன்றே துடைத்துவிட வேண்டும். உலர்ந்ததும் தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டுப் பழைய பருத்தித் துணியால் தேயுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தேய்த்தால் போதும்.